நாற்காலிக் கணக்கில் ஓர் இளவரசி

பழஞ்சின்னத் துறையிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று முதலாளி வந்து சொன்னபோது, நான் ஒரு பெரியவரின் மூக்கில் சட்டத்தை வைத்து, காதுக்குப் பின்னால் கம்பி சரியாக உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். கட்டடம் பழையது. அதைப் பழஞ்சின்னமாக அறிவிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று முதலாளி நினைத்துவிட்டார். அப்படி அறிவித்துவிட்டால் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அவர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் ஆணியின் வயதைக் கேட்பார்கள். ஆனால் வந்தவர் சுவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பத்திரிகையில காதல் கதை எழுதுற அம்மா நீங்கதானே? எங்க துறை டைரக்டர் கூப்பிடுறார்," என்றார்.

எழுதுவது உண்மைதான். வாடிக்கையாளர் வராத மத்தியானங்களில் பழைய பில்களின் பின்பக்கத்தில் எழுதுவேன். வாரப் பத்திரிகைகள் அவ்வப்போது போடும். என்னை யாராவது எழுத்தாளர் என்று சொன்னால், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அரசாங்கம் ஆள் அனுப்பிக் கூப்பிடும் அளவுக்கு என் காதல் கதையில் என்ன குற்றம் கண்டார்களோ என்ற பயத்தோடுதான் போனேன்.

இயக்குநரின் அறையில் மூக்கு உடைந்த சிலைகள் சுவரோரமாக வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றின் நீட்டிய கையில் அவருடைய குடை தொங்கியது. அவர் நல்ல மனிதர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. எதையும் மறைக்கத் தெரியாதவர்.

"உக்காருங்கம்மா. எங்க துறை மாசாமாசம் ஒரு இதழ் போடுது. யாரும் படிக்கிறதில்லை. அதை நான் குறையா சொல்லல, நானும் படிக்கிறதில்லை. இத்தனை வருஷமா ஒரு பிரச்சினையும் இல்லாம ஓடிட்டிருந்தது. திடீர்னு போன மாசம் அமைச்சர் படிச்சிட்டார்."

"ஐயோ," என்றேன். அப்படிச் சொல்ல வேண்டிய இடம் போல இருந்தது.

"அதேதான். போன் பண்ணி, ‘இதை எதுக்குய்யா போடுறீங்க’ன்னு கேட்டார். துறை தொடங்கின நாள்ல இருந்து அப்படி ஒருத்தரும் கேட்டதே இல்லை. எங்ககிட்ட பதில் தயாரா இல்லை. மக்கள்கிட்ட வரலாறைக் கொண்டுபோகத்தான்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அப்போ கொண்டுபோங்கன்னுட்டார். வரலாறு தானா நடந்து போகாதே? அதான் காதல் மேல ஏத்தி அனுப்பலாம்னு பார்க்கிறோம். நீங்க ஒரு சரித்திரக் காதல் தொடர் எழுதணும்."

எனக்கு வரலாறு தெரியாது என்றேன். அது ஒரு தகுதிக் குறைவே இல்லை என்று அவர் தைரியம் சொன்னார்.

நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் துறையும் இல்லை, அமைச்சரும் இல்லை. என் அக்கா. அம்மா போனபோது நான் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பில் இருந்தேன். அக்காதான் எனக்கு எல்லாம். அந்தச் சமயத்தில் அவளுக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கும் பழக்கம் இருந்தது. அவர் வீட்டு வாசல் வரை வந்து பெண் கேட்டார். அப்பா முடியாது என்றார். ஏன் என்று அக்கா கேட்டாள். முடியாது என்றால் முடியாதுதான் என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவே இல்லை. பிறகு லேத்துக்காரருக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, அந்த அம்மாளும் சில வருஷங்களுக்கு முன்பு போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவும் போய்விட்டார். தடுக்க ஆளே இல்லை. ஆனாலும் அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டு, இந்தக் கரையிலேயே இருந்தாள். நான் நாசூக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "உனக்கு வேற வேலை இல்லையா?" என்பாள்.

நேரே சொன்னால் கேட்காதவள் கதையில் சொன்னால் கேட்பாளோ என்று ஒரு நப்பாசை. அதனால் ஆற்றின் இரு கரையிலும் இரண்டு நாடுகளை வைத்தேன். இந்தக் கரையில் ஓர் இளவரசி. அந்தக் கரையில் வாள் அடிக்கும் ஒரு கொல்லன். நடுவில் முடியாது என்று சொல்லும் ஓர் அரசர். எல்லோர் இடுப்பிலும் ஒரு வாள் தொங்கியது. வரலாறு என்று நான் போட்டது அவ்வளவுதான்.

முதல் அத்தியாயம் வந்த மாதம், துறையின் இதழ் விற்றுத் தீர்ந்தது. கிடங்கில் அலமாரி ஆடாமல் இருக்க அடியில் செருகியிருந்த பிரதியையும் உருவிக் கொடுத்ததாகக் கேள்வி. அடுத்த மாதம் இதழ் வரும் நாளில் கடைகளில் வரிசை நின்றது. எங்கள் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் படிக்காமல் மடியில் வைத்திருந்த இதழைப் படித்தார்கள். கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சிக்கொண்டே அக்கரையைப் பார்த்து நிற்க, இளவரசி மாடத்தில் விளக்கை மூன்று முறை அணைத்து ஏற்றும் அத்தியாயம் வந்தபோது முதலாளியே என்னிடம் வந்து, "அந்த அரசனைச் சீக்கிரம் தீர்த்துக்கட்டிடும்மா," என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டார்.

அக்கா சலவை இயந்திரங்கள் சுற்றும் நேரத்தில் படிப்பாள். வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் நடக்காதது போல் பையை மாட்டிவிட்டு, காய் நறுக்க உட்காருவாள். பிறகு கேட்பாள்.

"போவாளா?"

"எங்கே?"

"தெரியாத மாதிரி கேக்காதே. அக்கரைக்கு."

"போவாக்கா. படகுல."

"எப்போ?"

"பாதிக் கதை தாண்டினதும்."

"அதுவரைக்கும் என்ன பண்ணுவா?"

"விளக்கை அணைச்சு அணைச்சு ஏத்துவா."

அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அன்று நறுக்கிய காயெல்லாம் கோணல் மாணலாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இந்த நேரத்தில்தான் துணை இயக்குநர் விடுப்பு முடிந்து திரும்பினார்.

அவரைத் துறையில் எல்லோரும் ‘ஆதாரம்’ என்றுதான் சொல்வார்கள். காலை வணக்கம் சொன்னால் காலை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கக்கூடியவர். தான் தோண்டச் சொன்ன பள்ளத்தில் தானே விழுந்து கால் முறிந்து பல மாதம் படுத்திருந்தார். பள்ளம் அந்த இடத்தில் இருப்பதாகக் காவலாளி எச்சரித்தபோது அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டுக்கொண்டே நடந்தார் என்கிறார்கள். இதழில் வரும் எதற்கும் ஒப்புதல் முத்திரை குத்த வேண்டியவர் அவர்தான். அவர் இல்லாதபோது என் அத்தியாயங்கள் எப்படி வெளிவந்தன என்பது திரும்பிய அன்று முதல் அவரைத் தூங்கவிடவில்லை. என்னையும் இதழ்ப் பிரிவின் எழுத்தரம்மாவையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"என் முத்திரை என் டிராயர்ல இருந்தது," என்றார்.

"ஆமா சார். டிராயர் சாவி உங்க பையில. பை உங்க வீட்ல," என்றார் எழுத்தரம்மா. "ஆனா முத்திரை இல்லாம அச்சகத்துல எடுத்துக்க மாட்டேங்கிறாங்க. எங்கிட்ட ஒரே ஒரு முத்திரைதான் இருந்தது."

"எந்த முத்திரை?"

எழுத்தரம்மா ஓர் அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதியை நீட்டினார். இளவரசி முதன்முதலாகக் கொல்லனைப் பார்க்கும் பக்கத்தின் ஓரத்தில், ஊதா மையில் வட்டமாக இப்படி இருந்தது: ‘இருப்பில் உள்ளது. நான்கு கால்களும் உறுதி.’

ஆண்டுதோறும் அலுவலக மேசை நாற்காலிகளைச் சரிபார்க்கும்போது குத்தும் முத்திரை அது. என் நாவலின் முதல் பாதி முழுக்க நாற்காலிக் கணக்கில்தான் வெளியாகியிருந்தது.

ஆதாரம் அந்த ஊதா வட்டத்தை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "இதைத் திருத்த முடியாது," என்றார். "இருப்புல சேர்ந்த பொருளைத் திருத்த விதியே கிடையாது. உடைஞ்சா ஏலம் விடலாம். அவ்வளவுதான். அத்தியாயம் உடையுமா?"

"உடையாது சார்," என்றேன்.

"அதான் பிரச்சினை. மாடத்துல விளக்கு, உலையில வெளிச்சம், பார்வை, பெருமூச்சு... எதுக்குமே ஆதாரம் இல்லை. ஆனா தொட முடியாது. நாலு காலும் உறுதின்னு அரசாங்கமே சொல்லியாச்சு. அதனால முன்பாதியில நடந்த தப்புக்கெல்லாம் சேர்த்துப் பின்பாதியைத் திருத்தணும். குழு போடறேன்."

குழு போட்டார். நீளமான மேசை ஒன்றின் ஒரு பக்கம் அவர்கள். மறுபக்கம் நான் மட்டும். பானைப் பேராசிரியர் என்று ஒருவர் வந்திருந்தார். வாழ்நாள் முழுவதும் உடைந்த பானைகளை ஆராய்ந்து, முழுப் பானையைக் கண்டால் அலட்சியமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டவர். பழைய அரசர்களின் பெருமையைக் காக்கும் மாண்புக் குழுவின் தலைவி ஒருவர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. என்னைப் பார்த்த பார்வையிலேயே என் நகங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நான் எழுதிக் கொண்டுபோயிருந்தது படகு அத்தியாயம். இளவரசி அரண்மனையை விட்டு இறங்கி, படித்துறையில் கட்டியிருந்த ஒரு படகை அவிழ்த்து, தானே துடுப்புப் போட்டு அக்கரை போகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

"படகு எங்கிருந்து வந்தது?" என்றார் பேராசிரியர்.

"படித்துறையில கட்டியிருந்தது சார்."

"அந்தக் காலத்து மண்ணை ஆத்தங்கரை நெடுக நாங்க தோண்டியாச்சு. படகு கிடைக்கல. பானைதான் கிடைச்சது."

"அப்போ அந்தக் காலத்துல ஆத்தை யாருமே கடக்கலையா சார்?"

"கடந்திருக்கலாம். ஆனா ஆதாரம் இல்லாம கடந்திருக்காங்க. அது அவங்க பொறுப்பின்மை. அதுக்குத் துறை என்ன பண்ணும்?"

"நீந்திப் போகலாமே," என்றேன்.

மாண்புத் தலைவி நிமிர்ந்தார். "நனைஞ்ச உடையோட ஒரு இளவரசியா? நான் இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் நடக்காது."

"பாலம்?"

"கட்டுமானத் துறைக்கு எழுதணும்," என்றார் ஆதாரம். "அந்தக் காலத்துல அந்தத் துறை இல்லை. அதனால எழுதவும் முடியாது."

அப்புறம் அரசரைப் பிடித்துக்கொண்டார்கள். மாண்புக் குழுவின் முதல் தீர்மானம், எந்த அரசரும் எந்தத் தவறும் செய்ததில்லை என்பது. இரண்டாவது தீர்மானம், முதல் தீர்மானத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது. மூன்றாவது தீர்மானம் ஒன்று இருப்பதாகவும் அதைத் தலைவி மட்டுமே அறிவார் என்றும் சொன்னார்கள். எனவே அரசர் காதலைத் தடுத்தார் என்று எழுதக்கூடாது.

"அம்மா, அவர் தடுக்கலைன்னா, ரெண்டு பேரும் ஏன் சேரல?"

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையிலேயே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஆதாரம்தான் வழி கண்டுபிடித்தார்.

"நிர்வாகக் காரணங்களுக்காக," என்றார்.

எல்லோரும் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. எங்கள் அப்பாவும் கடைசிவரை காரணம் சொன்னதில்லை. அவருக்கும் நிர்வாகக் காரணங்கள் இருந்திருக்கும்.

விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தும் விட்டேன். ஆனால் எழுத்தரம்மா தாழ்வாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினார். "நீங்க போனா அவங்களே எழுதுவாங்க. ஆதாரம் சார் பேனாவைத் திறந்து வெச்சாச்சு. அந்தப் பொண்ணு கதி என்ன ஆகும்னு யோசிங்க," என்றார். யோசித்தேன். உள்ளே போய் மறுபடி உட்கார்ந்தேன். எப்படியாவது அவளை அக்கரை சேர்த்துவிடலாம் என்ற பிடிவாதம்தான்.

அடுத்த மாதம் இளவரசி ஆற்றங்கரைக்கு வந்தாள். படகு இல்லாததால் நின்றாள். சும்மா நிற்கக்கூடாது என்று பேராசிரியர் சொன்னதால் கரையில் கிடந்த பானைகளைப் பார்த்தாள். கறுப்புப் பானை, சிவப்புப் பானை, கறுப்பும் சிவப்பும் கலந்த பானை என்று அத்தியாயம் முழுக்கப் பார்த்தாள். அதற்கடுத்த மாதமும் பார்த்தாள். தூரத்தில் கொல்லன் தெரிந்தான். ஆனால் ஓர் ஆணும் பெண்ணும் தனியாகப் பார்த்துக்கொள்வது ஆய்வு நெறிக்கு ஒத்துவராது என்று குழு சொன்னதால், அரசரின் அமைச்சரும் நிலஅளவையாளரும் கூடவே வந்து நின்றார்கள். நான் எழுதியதை ஆதாரம் தன் கையாலேயே செப்பனிட்டார். அது இப்படி வெளியானது:

‘மேற்படி இளவரசியானவர், மேற்படி ஆற்றின் இக்கரையில், அமைச்சர் மற்றும் நிலஅளவையாளர் முன்னிலையில், மேற்படி கொல்லனை நோக்கி, தொலைவு கருதி உத்தேசமாக, புன்னகை செய்தார் எனக் கொள்ளலாம்.’

அந்த இதழ் வந்த வாரம், எங்கள் கடைக்கு ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர் கோபமாக வந்தார். போன வருஷம் எங்களிடம் வாங்கிய கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நல்லாத்தான் இருந்தது. இப்போ ரெண்டு பக்கம் படிச்சா எழுத்தெல்லாம் கலங்குது. கண்ணைக் கட்டுது. தலை தொங்கிப்போகுது. என்ன லென்ஸ் போட்டீங்க?"

நான் அவர் கண்ணைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. லென்ஸைச் சோதித்தேன். கீறல்கூட இல்லை. எதைப் படிக்கும்போது இப்படி ஆகிறது என்று கேட்டதற்குச் சட்டைப்பையிலிருந்து துறையின் இதழை எடுத்தார். எனக்குப் பகீரென்றது. உள்ளே போய் முதல் அத்தியாயம் வந்த பழைய இதழைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மனுஷர் மடமடவென்று படித்தார். படித்துக்கொண்டே போனார். கடையில் இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"பார்வை சரியாயிடுச்சும்மா," என்றார். "என்ன பண்ணீங்க?"

அதை எழுதியவள் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதழ் வரும் நாளில் கடைகளில் வரிசை குறைந்தது. பிறகு வரிசை என்று சொல்ல முடியாதபடி ஒருவர் மட்டும் நின்றார். அவரும் பஸ்ஸுக்கு நின்றவர். அக்கா மட்டும் விடாமல் படித்தாள். தங்கை எழுதியது என்ற ஒரே காரணத்துக்காக, கசப்பு மருந்தைக் குடிப்பவள் போல, வரிவரியாகப் படித்தாள். பானை அத்தியாயத்தின்போது சலவைப் பிரிவில் சூடாக அடுக்கிய விரிப்புகளின்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டதாகவும் கன்னத்தில் மடிப்பு பதிந்துவிட்டதாகவும் அவளே சொன்னாள். ஆனால் நான் பயந்தது தூக்கத்துக்கு இல்லை. அவள் "போவாளா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். காயெல்லாம் மறுபடி ஒரே அளவாக நறுக்கப்பட்டது. முன்பு கதை எதையோ திறந்துவிட்டது. இப்போது நானே அதை இழுத்துச் சாத்திக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. பரிதவிப்பாக இருந்தது.

கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் முழுக் குழுவும் கூடியது. இயக்குநரும் வந்திருந்தார். அவர் எழுந்து பேசினார்.

"இந்தத் தொடர் நம்ம துறைக்கு மிகப் பெரிய வெற்றி. முன்பாதி வந்தப்போ தினமும் மூட்டை மூட்டையா கடிதம். அவளை அவனுக்குக் கட்டிவெய், அரசனைக் கொல்லு, விளக்கை ஏத்துன்னு. நம்ம ஆளுங்க வேலையே பார்க்க முடியல. பின்பாதி தொடங்கினதும் மக்கள் முதிர்ச்சி அடைஞ்சிட்டாங்க. கடிதமே இல்லை. ஒரு புகார் கிடையாது. ஏன்னா யாரும் படிக்கல. அமைச்சர்கூட நிறுத்திட்டார், நேத்து விசாரிச்சேன். பழைய அமைதி திரும்பியிருக்கு. இதுக்குக் காரணமான துணை இயக்குநருக்கு நம்ம எல்லார் சார்பாகவும் நன்றி."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆதாரம் அடக்கமாகத் தலைகுனிந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் நான் எழுந்தேன்.

"சார், ஒரே ஒரு வேண்டுகோள். யாரும் படிக்கலைன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ கடைசி அத்தியாயத்துல அவ அக்கரைக்குப் போனா யாருக்கு என்ன நஷ்டம்? படகுன்னு எழுத வேண்டாம். எப்படிப் போனான்னே சொல்ல வேண்டாம். போனான்னு ஒரே ஒரு வரி. படிக்கிற ஒருத்திக்காகக் கேக்கறேன்."

"ஒருத்தி படிக்கிறாளா?" இயக்குநர் கவலையோடு ஆதாரத்தைப் பார்த்தார்.

"என் அக்கா சார். அவளுக்கும் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்கார். யாரும் தடுக்கல. ஆனா போகமாட்டேங்கிறா. இவ போனா அவளும் போவாளோன்னு..." என்றேன்.

மாண்புத் தலைவி கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். ஒரு நொடி எனக்கு நம்பிக்கை வந்தது.

"ரொம்ப உருக்கமா இருக்கு," என்றார் அவர். "ஆனா தீர்மானம் தீர்மானம்தான். எனக்கும் இளவயசுல ஒருத்தர் இருந்தார். நான் போனேனா?"

"உங்க அக்கா விஷயத்துல ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார் ஆதாரம். "அந்த ஆள் அங்க இருக்கார்ங்கிறதுக்கு?"

"பட்டறை இருக்கு சார். பெயர்ப்பலகைகூட இருக்கு."

"அப்போ அவங்க போகலாம். இளவரசி போக முடியாது."

கடைசியில் கருணை காட்டினார்கள். இளவரசி அக்கரைக்குப் போக அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அத்துடன் நாவல் முடியலாம். அன்று மாலையே என்னை அங்கே உட்காரவைத்து எழுதவைத்தார்கள். இளவரசி விண்ணப்பித்தாள். அமைச்சர் பெற்றுக்கொண்டார். ஆற்றில் தண்ணீர் ஓடியது, அதற்குப் பேராசிரியர் ஆட்சேபம் சொல்லவில்லை. ‘மேற்படி விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்பது கடைசி வரி. ஆதாரம் தன் முத்திரையை எடுத்து, ஊதி, ஆசையாகக் குத்தினார். ‘ஏற்கப்பட்டது’ என்று விழுந்தது.

அச்சுக்குப் போகும் பிரதியின் நகல் ஒன்று எனக்குக் கிடைத்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அக்காவின் கண்ணில் படாமல் நடமாடினேன். கடைசியில், எப்படியும் இதழில் பார்க்கத்தானே போகிறாள், நானே கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் சீக்கிரமே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. அக்காவுக்கு அன்று வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டை விட்டு வெளியே போய் நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன், தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன், வரவில்லை என்றார்கள். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் சாய்ந்த பிறகு வந்தாள். நல்ல உடை உடுத்தியிருந்தாள். வலது கையின் ஓரத்தில் கறுப்பாக எண்ணெய்க் கறை. என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு எதையும் மறைக்கப்போவதில்லை என்று முடிவு செய்தவளாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் கதையைப் பாதியில வெச்சிட்டேன்," என்றாள். "கோவிச்சுக்காதே. போன மாசத்து இதழை இன்னிக்குக் காலையிலதான் எடுத்தேன். அவ இன்னும் கரையிலயே நின்னு அந்த நிலஅளவைக்காரன்கிட்ட பேசிட்டிருக்கா. எனக்கு ஆத்திரமா வந்தது. என்னடி பொண்ணு இவ? அப்பன் ஒண்ணும் சொல்லல, ஆறு பேசாம ஓடுது, அவன் எதிர்லயே நிக்கிறான். இவ எதுக்கு நிக்கிறான்னு கேக்க வாயெடுத்தேன். யாரைக் கேக்கறேன்னு எனக்கே உறைச்சது. புத்தகத்தை மூடிட்டு பஸ் ஏறிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். பையிலிருந்த நகலை நான் வெளியே எடுக்கவே இல்லை.

"சரி, அழாதே," என்றாள் அக்கா. "அவ்வளவு ஒண்ணும் மோசமில்லை உன் கதை."

"அதை விடுக்கா. அங்க போய் என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்ல முடியல. ஞாயித்துக்கிழமைகூட லேத்தை ஓட்டுறார் மனுஷன். காது கிழியிற சத்தம். வாசல்ல நின்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

அக்கா கையிலிருந்த எண்ணெய்க் கறையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"மெஷினை நிறுத்தினார்," என்றாள்.